தனி டிஸ்க், எல்விஎம், கொஞ்சம் காலி இடம்: ஒரு விர்ச்சுவல் சர்வரின் சேமிப்பை மாற்றியமைத்த பதிவு

20 ஜிபி ஒற்றை டிஸ்கில் எல்லாவற்றையும் அடைத்து ஓடிக்கொண்டிருந்த ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் சர்வரை, டேட்டாவுக்குத் தனி டிஸ்க், அதன் மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிட்டு, பிறகு கூட்டவும் உதவும் அடுக்கு) என்று மாற்றி முடித்தாயிற்று. டெபியன் 12, 2 கோர், 4 ஜிபி ராம். மேலே என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ், பயனர்கள் ஏற்றும் படங்களைச் சேமிக்கும் ஒரு செயலி. அடியில் விர்ச்சுவல் சர்வர்களை ஓட்டும் கேவிஎம், அதை நிர்வகிக்கும் லிப்வெர்ட். டிஸ்க் நிறைந்து போஸ்ட்கிரெஸ் நின்றதில் தொடங்கிய வேலை. எந்த வரிசையில் செய்தது, எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்பதெல்லாம் கீழே.

விர்ச்சுவல் சர்வரின் சேமிப்பு அடுக்கடுக்கானது. ஹோஸ்டில் (அடியில் இருக்கும் உண்மையான இயந்திரம்) இமேஜ் கோப்பு, கெஸ்டுக்குள் (அதில் ஓடும் விர்ச்சுவல் சர்வர்) டிஸ்க், அதில் பார்ட்டிஷன் அல்லது எல்விஎம், அதன் மேல் ஃபைல் சிஸ்டம். ஓர் அடுக்கை மாற்றினால் அடுத்த அடுக்குக்கு அது பெரும்பாலும் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். பெரிதாக்கும்போது கீழிருந்து மேலே, சிறிதாக்கும்போது மேலிருந்து கீழே. இந்த வரிசை மனதில் இருந்தால் கீழே வரும் கட்டளைகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கும்.

முதலில் மூச்சுவிட இடம்

டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் காட்டும்போது, பெரிய கோப்பாகத் தேடி அழிக்கத்தான் கை போகும். போஸ்ட்கிரெஸ் இருக்கும் சர்வரில் அது ஆபத்து. டேட்டா டைரக்டரிக்குள் இருக்கும் பிஜி_வால் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் ‘வால்’ கோப்புகளின் டைரக்டரி) பல ஜிபிக்கு வீங்கியிருந்தாலும் அதிலிருந்து ஒரு கோப்பைக்கூடக் கையால் அழிக்கக் கூடாது. கிராஷ் ஆனபின் டேட்டாபேஸ் தன்னை மீட்டுக்கொள்வது அந்தக் கோப்புகளை வைத்துத்தான். அது ஏன் வீங்கியது என்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, அவற்றை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டே இருப்பது. மற்றொன்று, எப்போதோ உருவாக்கி மறந்துபோன ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் படிக்கும்வரை பழைய கோப்புகளைப் பிடித்து வைப்பது). பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் என்ற வியூவில் ஆக்டிவ் இல்லாத ஸ்லாட் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேவையில்லாததை நீக்கினால், அடுத்த செக்பாயின்டுக்குப் பிறகு போஸ்ட்கிரெஸே பழைய கோப்புகளைக் கழித்துவிடும். மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. அதற்கு ஓர் அளவு வைப்பது நல்லது.

ஆனால் ஸ்லாட்டை நீக்கவே போஸ்ட்கிரெஸ் எழ வேண்டும், அது எழக் கொஞ்சம் இடம் வேண்டும். பாதுகாப்பாக இடம் எடுக்கும் வழிகள், செய்த வரிசையிலேயே:

ஏபிடி கிளீன் கொடுத்தால் இறக்கி வைத்த பேக்கேஜ்கள் போய்விடும். அடுத்து ‘ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம்’. ஜர்னல் (சிஸ்டம்டியின் லாக் சேமிப்பு) இயல்பாகவே ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். 20 ஜிபி டிஸ்கில் அதுவே 2 ஜிபி. மூன்றாவது, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் ஒதுக்கி வைத்திருக்கும் இடம். எக்ஸ்ட்4 உருவாகும்போதே 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று எடுத்து வைக்கிறது, 20 ஜிபியில் அது 1 ஜிபி. போஸ்ட்கிரெஸ் தன் சொந்தப் பயனரில் ஓடுவதால் அந்த இடத்தைத் தொட முடியாது. ‘டியூன்2எஃப்எஸ் -எம் 2 /டெவ்/விடிஏ1’ என்று கொடுத்தால், மவுண்டை எடுக்காமலே 600 எம்பிக்கு மேல் உடனே கிடைக்கும். ரூட் டிஸ்கில் இதைப் பூஜ்யமாக்க வேண்டாம். ரூட்டாக உள்ளே போய் எதையாவது சரிசெய்யக் கொஞ்சம் இடம் வேண்டும்.

கோப்புகளின் அளவை டியூ கூட்டிக் காட்டுவதற்கும் டிஎஃப் காட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்பு எங்கோ இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (பெரிய எல்) அவற்றை மட்டும் பட்டியலிடும். லாகை அழித்துவிட்டு, அதை எழுதிக்கொண்டிருந்த நிரலை ரீலோட் செய்யாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். பெயர் போய்விடும், இடம் போகாது. நிரலை ரீஸ்டார்ட் செய்யலாம். அது முடியாத நேரத்தில், லாக் கோப்பாக இருந்தால் மட்டும், /ப்ராக் கீழ் அந்தப் பிராசஸின் எஃப்டி டைரக்டரிக்குப் போய் அந்த எண்ணுள்ள கோப்பை வெறுமையாக்கலாம். இடம் தாராளமாக இருந்தும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ வந்தால் ‘டிஎஃப் -ஐ’ பாருங்கள், தீர்ந்துபோனது ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு).

கன்சோல் இல்லாமல் டிஸ்கைத் தொடாதீர்கள்

எஃப்எஸ்டேபில் (பூட்டில் எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு) ஒரு வரி தவறினால் சர்வர் எமர்ஜென்சி மோடில் நிற்கும், எஸ்எஸ்ஹெச் எழாது. அப்போது கன்சோல்தான் ஒரே வழி. அதனால் இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். கிரப் அமைப்பில் கெர்னல் வரிக்கு ‘கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200’ சேர்த்து அப்டேட்-கிரப், ரீபூட். பிறகு ஹோஸ்டிலிருந்து விர்ஷ் கன்சோல் (விர்ஷ் என்பது லிப்வெர்டின் கட்டளைக் கருவி). லாகின் கேட்டால் சரி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எமர்ஜென்சி மோட் கேட்பது ரூட் கடவுச்சொல்லை. கிளவுட் இமேஜிலிருந்து எழுப்பிய சர்வர்களில் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதே வழக்கம். அப்போது கன்சோல் இருந்தும் ‘ரூட் கணக்கு பூட்டப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். டிஸ்க் வேலை முடியும்வரையாவது ரூட்டுக்கு நீளமான கடவுச்சொல் ஒன்று வைத்திருங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக ரூட் நுழையாமல் அடைப்பது வேறு அமைப்பு, அது இதனால் பாதிக்கப்படாது.

இரண்டாவது டிஸ்கை மாட்டுதல்

ஹோஸ்டில் கியூஇஎம்யூ-இமேஜ் மூலம் 60 ஜிபி கியூகவ்2 (எழுத எழுத வளரும் இமேஜ் வடிவம்) கோப்பு ஒன்று. மாட்டுவதற்கு விர்ஷ் அட்டாச்-டிஸ்க் என்ற சுருக்க வழி உண்டு. அதில் சப்டிரைவர் கியூகவ்2 என்று குறிப்பிடாவிட்டால் லிப்வெர்ட் அந்தக் கோப்பை ரா (வடிவம் எதுவும் இல்லாத வெறும் டிஸ்க் பிரதி) என்றே எடுத்துக்கொள்ளும். கெஸ்டில் 60 ஜிபிக்குப் பதிலாகச் சில நூறு கேபி அளவில் ஒரு டிஸ்க் தெரியும். புதிய கியூகவ்2 கோப்பின் உண்மையான அளவு அவ்வளவுதான். அந்த நிலையில் கெஸ்ட் எதையாவது எழுதினால் இமேஜின் தலைப்பே அழிந்துவிடும். எல்எஸ்பிஎல்கே காட்டும் அளவைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

எக்ஸ்எம்எல் துண்டு ஒன்றை எழுதி அட்டாச்-டிவைஸ் மூலம் மாட்டுவதே எனக்குத் திருப்தி. டிரைவர் வரியில் டைப் கியூகவ்2, கேஷ் நன், டிஸ்கார்ட் அன்மேப். டார்கெட் விடிபி, பஸ் விர்ட்ஐஓ. கூடவே ஒரு சீரியல், ‘டேட்டா01’ மாதிரி ஒரு பெயர். சீரியலுக்கு 20 எழுத்துதான் வரம்பு. அது இருந்தால் கெஸ்டில் /டெவ்/டிஸ்க்/பை-ஐடி கீழ் ‘விர்ட்ஐஓ-டேட்டா01’ என்று டிஸ்க் தெரியும். விடிபி, விடிசி என்ற எழுத்துகள் மாட்டும் வரிசைக்கேற்ப மாறக்கூடியவை, சீரியல் மாறாது. கட்டளையில் --லைவ், --கான்ஃபிக் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். லைவ் மட்டும் கொடுத்தால், அடுத்த முறை சர்வரை முழுதாக நிறுத்தி எழுப்பும்போது டிஸ்க் காணாமல் போயிருக்கும்.

எல்விஎம்

டேட்டா டிஸ்கில் பார்ட்டிஷன் டேபிள் போடவில்லை. டிஸ்கை எல்விஎம்மிடம் ஒப்படைக்கும் பிவிகிரியேட்டை நேராக முழு டிஸ்க் மீதே கொடுத்தாயிற்று. விர்ச்சுவல் அல்லாத நேரடி இயந்திரத்தில் இது நல்ல பழக்கமல்ல. பார்ட்டிஷன் இல்லாத டிஸ்கைக் காலி என்று நினைத்து வேறு கருவிகள் எழுதிவிடலாம். விர்ச்சுவல் சர்வரில் அந்த ஆபத்து குறைவு. நாளை டிஸ்கைப் பெரிதாக்கும்போது ஓர் அடுக்கு மிச்சமாவது பெரிய லாபம்.

வால்யூம் குரூப் என்பது எல்விஎம்மின் மொத்த இடத் தொகுப்பு, அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பங்கும் ஓர் எல்வி (லாஜிக்கல் வால்யூம்). இங்கே குரூப்பின் பெயர் ‘டேட்டா’. பெயரில் ஹைஃபன் வேண்டாம். வைத்தால் /டெவ்/மேப்பர் கீழ் அது இரட்டை ஹைஃபனாக வரும், ஸ்கிரிப்ட் எழுதும்போது கண்ணைக் கட்டும். 60 ஜிபியில் 4 எம்பி எக்ஸ்டென்ட் (எல்விஎம் இடம் ஒதுக்கும் துண்டு) கணக்கில் 15,360 வர வேண்டும். வருவது 15,359. டிஸ்கின் தொடக்கத்தில் 1 எம்பியை எல்விஎம் தன் குறிப்புகளுக்கு எடுத்துக்கொள்வதால் கடைசி எக்ஸ்டென்ட் முழுமை பெறாது. 60ஜி என்று எல்வி கேட்டால் ஒரே ஓர் எக்ஸ்டென்ட் போதவில்லை என்று மறுப்பது இதனால்தான்.

அதற்காக ‘100%ஃப்ரீ’ என்று முழுவதையும் ஒரே எல்விக்குக் கொடுப்பதைத்தான் பல வழிகாட்டிகள் சொல்கின்றன. இந்த மாற்றத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது அதற்கு நேர் எதிரானதை: எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். எல்வியைக் கூட்டுவது சர்வர் ஓடும்போதே சில நொடிகளில் முடியும். குறைப்பதற்குச் சர்வீஸை நிறுத்தி, மவுண்டை எடுத்து, எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டும், எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் நடைமுறையில் அதுவும் முடியாது. ஸ்னாப்ஷாட்டுக்கும் (எல்வியின் ஒரு கணத்து நிலையைப் பிடித்து வைப்பது) குரூப்பில் காலி இடம் வேண்டும். இங்கே ஒதுக்கியது இவ்வளவுதான்: போஸ்ட்கிரெஸுக்கு 25 ஜிபி, லாகுக்கு 6, பயனர் படங்களுக்கு 10. மீதி 19 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக யாருக்கும் கொடுக்காமல் விட்டாயிற்று.

போஸ்ட்கிரெஸுக்கும் லாகுக்கும் எக்ஸ்ட்4. டேட்டாபேஸ் எல்வியில் ரூட்டுக்கான ஒதுக்கீடு தேவையில்லை, உருவாக்கும்போதே ‘-எம் 0’. படங்களுக்கு எக்ஸ்எஃப்எஸ். எக்ஸ்ட்4 இயல்பில் 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோட் என்று உருவாக்கும்போதே எண்ணிக்கையை முடிவுசெய்துவிடும். 10 ஜிபியில் அது 6,55,360. ஒவ்வொரு படத்துக்கும் நாலைந்து சிறு அளவுகள் உண்டாக்கும் செயலிக்கு அது எட்டக்கூடிய எண்தான், எட்டிவிட்டால் அந்த ஃபைல் சிஸ்டத்தின் அளவைக் கூட்டாமல் வழியில்லை. எக்ஸ்எஃப்எஸ் ஐநோட்களைத் தேவைக்கேற்ப உண்டாக்கிக்கொள்ளும்.

டேட்டாவை நகர்த்துதல்

போஸ்ட்கிரெஸின் டேட்டா டைரக்டரியை வேறு பாதைக்கு மாற்றி அமைப்புக் கோப்பைத் திருத்துவது ஒரு வழி. பழைய பாதையிலேயே புதிய எல்வியை மவுண்ட் செய்வது இன்னொரு வழி. இரண்டாவதே மேல். பாதை மாறாததால் ஆப்ஆர்மர் விதி, பேக்கப் ஸ்கிரிப்ட், அப்கிரேட் கருவி எதையும் தொட வேண்டியதில்லை.

புதிய எல்வியை /எம்என்டி/புது என்ற இடத்தில் மவுண்ட் செய்து, சர்வீஸ் ஓடும்போதே ஒரு முறை ஆர்சிங்க் (மாறியதை மட்டும் நகலெடுக்கும் கருவி). பிறகு சர்வீஸை நிறுத்தி இரண்டாம் முறை. முதல் ஓட்டத்தில் பெரும்பகுதி போய்விடுவதால், நிறுத்தி வைக்கும் நேரம் இரண்டாம் ஓட்டத்தின் அளவுதான். முதல் ஓட்டத்தின் நகலை டேட்டாபேஸாகப் பயன்படுத்த முடியாது. ஓடும்போது எடுத்ததால் அது ஒன்றுக்கொன்று பொருந்தாது, இரண்டாவது ஓட்டம்தான் அதை முழுமையாக்குகிறது, அதில் மட்டும் --செக்சம் சுவிட்சையும் சேர்க்க வேண்டும். கட்டளை:

ஆர்சிங்க் --ஆர்க்கைவ் --ஹார்ட்-லிங்க்ஸ் --ஏசிஎல்எஸ் --எக்ஸ்ஏட்டர்ஸ் --நியூமெரிக்-ஐடிஎஸ் --டெலீட் --எக்ஸ்க்ளூட்=/லாஸ்ட்+ஃபவுண்ட் /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/ /எம்என்டி/புது/

மூலப் பாதையின் கடைசியில் இருக்கும் சாய்கோடு முக்கியம். அது இல்லாவிட்டால் உள்ளே இன்னொரு டைரக்டரியாகப் போய் உட்காரும். சாய்கோடு இருந்தால் மேல் டைரக்டரியின் உரிமையும் அனுமதியும் சேர்ந்தே வரும். எக்ஸ்க்ளூட் இல்லாமல் டெலீட் கொடுத்தால் புதிய ஃபைல் சிஸ்டத்தின் லாஸ்ட்+ஃபவுண்ட் அழிந்துவிடும். ரூட்டாக வெறும் ‘சிபி -ஆர்’ கொடுத்தால் எல்லாம் ரூட் பெயரில் வந்து சேரும். போஸ்ட்கிரெஸ் டேட்டா டைரக்டரியின் உரிமையாளரைப் பார்க்கும், அனுமதி 0700 அல்லது 0750 இல்லையென்றால் எழவே மறுக்கும். அது நல்ல பாதுகாப்பு, அனுமதியைத் தளர்த்தி அதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

பிறகு பழைய டைரக்டரிக்கு ‘.பழையது’ என்று பெயர் மாற்றி, அதே இடத்தில் காலி டைரக்டரி ஒன்று. அதன் மேல் மவுண்ட் செய்வதற்கு முன், ‘சிஎச்ஏட்டர் +ஐ’ என்று கொடுத்து அந்தக் காலி டைரக்டரியை மாறாததாக்கிவிட வேண்டும். மவுண்ட் செய்ய இது தடையல்ல. ஆனால் என்றாவது மவுண்ட் தவறிப் போனால், ரூட் பயனரில் ஓடும் ஸ்கிரிப்ட்கூட அதற்குள் ஒரு பைட்டும் எழுத முடியாது. மவுண்ட் இல்லாமலே செயலி எழுந்து, ரூட் டிஸ்கில் புதிதாக டேட்டாவை எழுதத் தொடங்குவதுதான் இந்த அமைப்பில் வரக்கூடிய மிக மோசமான கோளாறு. எந்தப் பிழைச்செய்தியும் வராது. பிறகு மவுண்ட் சரியாகும்போது, இடையில் எழுதியதெல்லாம் அடியில் மறைந்துவிடும்.

லாக் டைரக்டரியில் வேறு சிக்கல், ஜர்னல் சேவை அதை விடாமல் பிடித்திருக்கும். ‘ஜர்னல்சிடிஎல் --ரெலின்க்விஷ்-வார்’ கொடுத்தால் அது தற்காலிகமாக /ரன் பக்கம் எழுதப் போகும். என்ஜின்எக்ஸை நிறுத்தி, ஆர்சிங்க் முடித்து, புதிய எல்வியை /வார்/லாகில் மவுண்ட் செய்தபின் ‘ஜர்னல்சிடிஎல் --ஃப்ளஷ்’. இதற்காக ரெஸ்க்யூ மோடுக்குப் போக வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்தும் ரூட் டிஸ்கின் பயன்பாடு குறையவில்லையென்றால், பழைய கோப்புகளை அழிக்காமல் அவற்றின் மேலேயே மவுண்ட் செய்திருக்கிறீர்கள். டியூவுக்கு அவை தெரியாது. ‘மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/ரூட்’ என்று கொடுத்து அங்கே போய்ப் பாருங்கள். பைண்ட் உள்மவுண்ட்களைக் கொண்டுவராது என்பதால், அடியில் கிடப்பது அப்படியே வெளியே தெரியும். ஆர்பைண்ட் கொடுத்தால் இந்த வேலை நடக்காது.

எஃப்எஸ்டேப்

எல்விஎம் இல்லாத டிஸ்குக்கு, ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணான யூயூஐடிதான் சரி. எல்விஎம்மில் /டெவ்/மேப்பர்/டேட்டா-பிஜி என்ற பெயரையே எழுதினேன். காரணம் ஸ்னாப்ஷாட். மூலத்தின் யூயூஐடி ஸ்னாப்ஷாட்டுக்கும் அப்படியே இருக்கும், ஒரே எண்ணில் இரண்டு வால்யூம்கள் நிற்கும். எல்வி பெயர் அப்படிக் குழம்பாது.

டேட்டா மவுண்ட்களுக்கு நோஃபெயில் சேர்த்தாயிற்று. அது இல்லாமல் டிஸ்க் வரவில்லையென்றால் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போகும். நோஃபெயில் இருந்தால் சர்வர் எழும், எஸ்எஸ்ஹெச் கிடைக்கும். ஆனால் அப்போது செயலி மட்டும் எழக் கூடாது. ஆகவே செயலியின் சர்வீஸ் யூனிட்டில் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=’ என்று அந்தப் பாதையைக் குறிப்பிட வேண்டும். போஸ்ட்கிரெஸ் யூனிட்டில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று ‘சிஸ்டம்சிடிஎல் கேட்’ மூலம் பார்த்துவிட்டு, இல்லையென்றால் டிராப்-இன் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம். நோஃபெயில், இந்த வரி, மாறாத காலி டைரக்டரி மூன்றும் சேர்ந்துதான் ஒரு முழுப் பாதுகாப்பு. ஒன்றை மட்டும் வைத்தால் ஓட்டை இருக்கும்.

திருத்தியபின் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’, டீமன்-ரீலோட், ‘மவுண்ட் -ஏ’. பிறகு கட்டாயம் ஒரு ரீபூட், அதுவும் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு. சோதிக்காத எஃப்எஸ்டேப் என்றாவது ஒரு நள்ளிரவு கெர்னல் அப்டேட்டின்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

டேட்டா டிஸ்கை 100 ஜிபி ஆக்கியது

பின்னால் 60 போதாமல் 100 ஆக்க வேண்டி வந்தது. அடுக்கு முறை இங்கே நன்றாகக் கைகொடுத்தது. ஹோஸ்டில் ‘விர்ஷ் பிளாக்ரீசைஸ்’, டொமைன் பெயர், விடிபி, 100ஜி. ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்டின் இமேஜ் மீது கியூஇஎம்யூ-இமேஜ் ரீசைஸ் கொடுக்கவே கூடாது. இரண்டு நிரல்கள் ஒரே கோப்பைத் திருத்தினால் இமேஜ் சிதையும். விர்ட்ஐஓ பிளாக் டிஸ்க் என்றால் புதிய அளவு கெஸ்டுக்கு உடனே தெரியும், டிமெசேஜில் வரும். விர்ட்ஐஓ ஸ்கசி என்றால் /சிஸ் கீழ் அந்த டிஸ்கின் ரீஸ்கேன் கோப்பில் 1 எழுத வேண்டும். அடுத்து ‘பிவிரீசைஸ் /டெவ்/விடிபி’. பிறகு:

எல்விஎக்ஸ்டெண்ட் --ரீசைஸ்எஃப்எஸ் --சைஸ் +10ஜி டேட்டா/பிஜி

இவ்வளவே. எந்த சர்வீஸும் நிற்கவில்லை. சுவிட்சுகளை முழுப் பெயரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சுருக்க வடிவத்தில் பெரிய எல் என்பது அளவு, சின்ன எல் என்பது எக்ஸ்டென்ட் எண்ணிக்கை. அடுத்து கூட்டல் குறி. அது விட்டுப்போனால் ‘இன்னும் 10 ஜிபி’ என்பது ‘மொத்தம் 10 ஜிபி’ ஆகிவிடும். எல்விஎக்ஸ்டெண்ட் அதை மறுத்துவிடும். எல்விரீசைஸ் குறைக்கவும் தெரிந்த கட்டளை, அதனால் கூட்டுவதற்கு அதைப் பயன்படுத்துவதே இல்லை. ரீசைஸ்எஃப்எஸ் சுவிட்சை விட்டுவிட்டால் எல்வி பெரிதாகும், டிஎஃப் பழைய அளவையே காட்டும். எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளைக்கு டிவைஸ் பாதை, எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கட்டளைக்கு மவுண்ட் பாதை கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

ரூட் டிஸ்கில் ஸ்வாப் முட்டுக்கட்டை

ரூட் டிஸ்கை 20-லிருந்து 30 ஜிபிக்குக் கூட்டுவது இதைவிடச் சிரமம். பழைய பாணி பார்ட்டிஷன் டேபிளில் டெபியன் நிறுவி ரூட்டை முதலிலும், அதன் பின்னால் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் ஸ்வாப்பையும் வைத்திருந்தது. விடிஏ1, விடிஏ2, விடிஏ5. புதிய இடம் டிஸ்கின் கடைசியில் வரும், ரூட்டுக்கும் அதற்கும் நடுவே ஸ்வாப் நிற்கும். பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் குரோபார்ட் ‘நோசேஞ்ச்’ என்று சொல்லி நின்றுவிடும்.

வழி: ஸ்வாப்ஆஃப், எஃப்எஸ்டேபில் அந்த வரியை நீக்குதல், பார்ட்டெடில் 5-ஐயும் பிறகு 2-ஐயும் நீக்குதல். அதன்பின் ‘குரோபார்ட் /டெவ்/விடிஏ 1’, 1-க்கு முன்னால் இடைவெளி உண்டு. பிறகு ரீசைஸ்2எஃப்எஸ். குரோபார்ட் டெபியனில் கிளவுட்-கெஸ்ட்-யூடில்ஸ் பேக்கேஜில் வரும். ஸ்வாப்பைக் கோப்பாக உண்டாக்கலாம். டிடி மூலம் 1 ஜிபி பூஜ்யம், அனுமதி 600, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், எஃப்எஸ்டேபில் ஒரு வரி.

இதோடு நிறுத்தினால், அடுத்த பூட்டில் சர்வர் காரணம் புரியாமல் அரை நிமிடம்வரை நிற்கலாம். இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஓடும் சிறு சிஸ்டம்) இன்னும் பழைய ஸ்வாப் பார்ட்டிஷனைத் தேடிக்கொண்டிருக்கும். /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்பில் ‘ரெஸ்யூம்=நன்’ என்று மாற்றி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்டினால் அது தீரும்.

ஹோஸ்டின் பக்கம்

கெஸ்டில் கோப்பை அழித்தாலும் ஹோஸ்டில் கியூகவ்2 தானாக இளைக்காது. மாட்டும்போது டிஸ்கார்ட் அன்மேப் கொடுத்தது இதற்காகத்தான். கெஸ்டில் ‘எல்எஸ்பிஎல்கே --டிஸ்கார்ட்’ பாருங்கள், அளவுகள் பூஜ்யமாக இருந்தால் கீழ் அடுக்கில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. சரியாக இருந்தால், காலியான இடத்தைக் கீழ் அடுக்குக்குத் தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் டைமரை எனேபிள் செய்துவிடலாம், வாரம் ஒரு முறை ஓடும். எல்விஎம் அமைப்பில் இருக்கும் இஷ்யூ_டிஸ்கார்ட்ஸ் என்ற வரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது எல்வியை நீக்கும்போதோ குறைக்கும்போதோ மட்டும் பொருந்துவது.

இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்த ஹோஸ்டில் இடம் தீர்ந்தால், கெஸ்ட் பிழை எதுவும் காட்டாமல் அப்படியே உறையும். ‘விர்ஷ் டோம்ஸ்டேட் --ரீசன்’ அதை ஐஓ பிழையால் நிறுத்தப்பட்டது என்று காட்டும். ஹோஸ்டில் இடம் உண்டாக்கி விர்ஷ் ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பதற்றத்தில் டெஸ்ட்ராய் கொடுக்காதீர்கள்.

ஸ்னாப்ஷாட்டும் பேக்கப்பும்

காலியாக விட்ட இடம் இங்கே தினமும் உதவுகிறது. இரவில் 5 ஜிபி ஸ்னாப்ஷாட், அதை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் வேறொரு இயந்திரத்துக்கு, பிறகு எல்விரிமூவ். ஸ்னாப்ஷாட் எடுக்கும் கணத்தில் ஃபைல் சிஸ்டத்தை உறையவைத்து விடுவிப்பதை எல்விஎம்மே பார்த்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் செய்யும்போது ‘நோயூயூஐடி’ சேர்க்காவிட்டால் ஒரே யூயூஐடி என்று மறுத்துவிடும்.

மூலத்தில் மாறும் ஒவ்வொரு துண்டும் முதலில் ஸ்னாப்ஷாட்டுக்குள் நகலாகிறது. ஆகவே எடுத்ததை நீக்காமல் விட்டால் எழுத்து வேகம் குறையும். ஒதுக்கிய 5 ஜிபி நிறைந்தால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது, நடுவில் ஓடிக்கொண்டிருந்த பேக்கப்தான் பாழ். எல்விஎஸ் காட்டும் டேட்டா சதவீதத்தை பேக்கப் ஸ்கிரிப்டே முடிவில் சரிபார்த்து, ஸ்னாப்ஷாட் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்த்த பிறகே வெற்றி என்று அறிவிக்க வேண்டும்.

டேட்டாபேஸும் அதன் வால் கோப்புகளும் ஒரே எல்வியில் இருப்பதால் இந்த ஸ்னாப்ஷாட், மின்சாரம் போன கணத்தில் இருக்கும் நிலைக்குச் சமம், போஸ்ட்கிரெஸ் அதிலிருந்து மீளும். டேபிள்ஸ்பேஸ் வேறு எல்வியில் இருந்தால் அந்த உத்தரவாதம் இல்லை. எதற்கும் பிஜி_டம்ப் ஒன்றும் தனியாகப் போகிறது. ஒரே ஒரு டேபிளை மட்டும் திரும்ப எடுக்க அதுதான் எளிது.

அடுத்த சர்வரில் மாற்றப்போவது

ஜிபிடி பார்ட்டிஷன் டேபிள், ரூட்டே கடைசி பார்ட்டிஷன், ஸ்வாப் முதலிலிருந்தே கோப்பு. டேட்டா டிஸ்க் முதல் நாளிலேயே தனி. லாக் எல்விக்கு 6 ஜிபி அதிகம். ஜர்னலுக்கு 500 எம்பி வரம்பு வைத்து 3 ஜிபியில் தொடங்கலாம், கூட்டுவது எளிதுதானே. ரூட் டிஸ்கில் 500 எம்பிக்கு, இடம் பிடிக்க மட்டும், ஒரு கோப்பு போட்டு வைக்க வேண்டும். டிஸ்க் நிறைந்த நேரத்தில் யோசிக்காமல் அழிக்கக்கூடிய ஒன்று இருப்பது பெரிய நிம்மதி. எச்சரிக்கை அளவுகளில் டிஎஃப் 80 சதவீதம் மட்டும் போதாது. ஐநோட் சதவீதம், குரூப்பில் மீதி இருக்கும் எக்ஸ்டென்ட், பிஜி_வால் அளவு, ஹோஸ்டின் காலி இடம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். ரெஸ்டிக் செக்கை --ரீட்-டேட்டா-சப்செட் சுவிட்சோடு வாரம் ஒரு பகுதியாக ஓட்டி, மாதம் ஒரு முறை முழு டேட்டாபேஸையும் ஒரு காலி விர்ச்சுவல் சர்வரில் மீட்டு எழுப்பிப் பார்ப்பதற்கான ஸ்கிரிப்டை, பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதும் அன்றே சேர்த்து எழுத வேண்டும்.